பிளம்பிங், எலக்ட்ரிக்கல் கத்துக்க ட்ரேட் ஸ்கூல் தேடுறீங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாத்துடுங்க

பிளம்பிங்கோ எலக்ட்ரிக்கலோ கத்துக்கலாம்னு முடிவு பண்ணவங்க முக்கால்வாசி பேர் செய்யறது இதுதான்: பக்கத்துல எந்த ஸ்கூல் இருக்குன்னு தேடுறது, போன் போட்டு ஃபீஸ் எவ்வளவு, எத்தனை மாசம், வேலை வாங்கித் தருவீங்களான்னு கேக்குறது, யாரு நல்லா பேசுறாங்களோ அங்க போய் சேர்ந்துடறது. அட்மிஷன் ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு இந்த மூணு கேள்விக்கும் பதில் மனப்பாடம். அந்தப் பதிலை வச்சு நல்ல ஸ்கூலையும் மோசமான ஸ்கூலையும் பிரிக்கவே முடியாது.

நான் சொல்றது, தலைகீழா வாங்க. கடைசியில எந்த ஊர்ல, என்ன லைசென்ஸோட வேலை பாக்கப் போறீங்களோ அங்கிருந்து ஆரம்பிச்சு ஸ்கூல் வரைக்கும் பின்னாடி வாங்க. ஸ்கூலுக்குள்ள போனதுக்கு அப்புறம் ஒரு விஷயத்தை விடாம விசாரிங்க, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உங்க கையில டூல் இருக்கும்னு. கட்டிடம், ஏசி க்ளாஸ்ரூம், பளபளன்னு ஒரு புத்தகம் இதெல்லாம் இந்த ரெண்டுக்கும் அப்புறம்தான்.

படி 1: ஸ்கூலுக்கு முன்னாடி லைசென்ஸ்

இந்த ரெண்டு வேலையும் உலகத்துல பெரும்பாலான இடத்துல சட்டத்தோட கட்டுப்பாட்டுல இருக்கு. காரணம் சின்னது இல்ல. ஒரு டெர்மினல் லூசா இருந்தா வீடு எரியும், எர்த் சரியா இல்லன்னா வாஷிங் மெஷினைத் தொட்டவங்க உயிர் போகும், குடிதண்ணி லைன்ல கழிவுத்தண்ணி எங்கயாவது பின்னாடி இழுத்துக்கிச்சுன்னா ஒரு தெருவே படுத்துடும். அதனால யாரு இந்த வேலையைத் தனியா செய்யலாம், யாரு இன்னொருத்தர் மேற்பார்வையில மட்டும் செய்யலாம்னு ஒவ்வொரு நாடும் விதி வச்சிருக்கு, அந்த விதி நாட்டுக்கு நாடு, சில இடத்துல மாநிலத்துக்கு மாநிலமே மாறும்.

எவ்வளவு மாறும்னு பாருங்க. ஜெர்மனியில ஸ்கூல்ல மட்டும் படிச்சு எலக்ட்ரிஷியன் ஆகுறது வழக்கம் இல்ல, ஒரு கம்பெனியோட அப்ரண்டிஸ் (வேலை பாத்துக்கிட்டே தொழில் பழகுறவர்) ஒப்பந்தம் போட்டு 3½ வருஷம் அங்க வேலை, கூடவே தொழிற்பள்ளியில பாடம். பிளம்பிங், ஹீட்டிங் வேலைக்கும் அதே 3½ வருஷம்தான். அமெரிக்காவுல பொதுவா 4, 5 வருஷம் அப்ரண்டிஸ்ஷிப், சுமார் 8,000 மணி நேரம் வேலைப் பயிற்சி, அதோட வருஷத்துக்கு 144 மணி நேரம் பாடம்னு ஒரு கணக்கு இருக்கு. லைசென்ஸ் கொடுக்கிறது பெரும்பாலும் மாநிலம், சில மாநிலத்துல அதைக்கூட ஊர் நிர்வாகத்துக்கிட்ட விட்டிருக்காங்க. பிரிட்டன்ல எலக்ட்ரிஷியனுக்கு லெவல் 3 படிப்பு முடிச்சு, ஏஎம்2னு ஒரு பிராக்டிகல் தேர்வும் பாஸ் பண்ணணும். கனடாவுல மாகாணம் மாகாணமா தனித்தனி, ஆனா ரெட் சீல்னு நாடு முழுக்கப் பொதுவா இருக்கிற தேர்வு பாஸ் பண்ணினா அது எல்லா மாகாணத்துலயும் எடுபடும். இந்தியாவுல ஐடிஐ எலக்ட்ரிஷியன் ட்ரேட் 2 வருஷம், பிளம்பர் ட்ரேட் 1 வருஷம், ஒயர்மேன் அனுமதியெல்லாம் அந்தந்த மாநில லைசென்ஸ் போர்டு கையில.

இதுல இருந்து புரிய வேண்டியது, "எங்ககிட்ட 6 மாசம் படிச்சா நீங்க லைசென்ஸ்டு எலக்ட்ரிஷியன்"னு ஒரு ஸ்கூல் சொன்னா உடனே நம்பாதீங்க. ஸ்கூல் கொடுக்கிறது சர்டிஃபிகேட், லைசென்ஸ் கொடுக்கிறது வேற ஆள்.

அதனால முதல் போன் ஸ்கூலுக்கு இல்ல, லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகத்துக்கு. அவங்க இணையதளத்துலயே பாதிக்கு மேல இருக்கும், இல்லன்னா நேர்ல போங்க. கேக்க வேண்டியது: எந்தெந்த படிப்பை ஏத்துக்கிறீங்க, அந்தப் படிப்போட சரியான பேரு என்ன (சர்டிஃபிகேட்ல ஒரு வார்த்தை மாறினாக்கூட விண்ணப்பம் திரும்பி வர வாய்ப்பு இருக்கு), ஸ்கூல்ல செஞ்ச பிராக்டிகல் மணி நேரத்தை அனுபவக் கணக்குல கழிச்சுக்குவீங்களா, அதுக்கு மேல எத்தனை வருஷம் யாருக்குக் கீழ வேலை பாத்திருக்கணும், தேர்வு எழுத்தா பிராக்டிகலா ரெண்டுமா, எந்த மொழியில. கடைசிக் கேள்வியை நிறைய பேர் விட்டுடறாங்க. க்ளாஸ் ஒரு மொழியில நடந்து தேர்வு இன்னொரு மொழியில இருந்தா, வேலை நல்லாத் தெரிஞ்சவங்களே கேள்வி புரியாம மாட்டிக்குவாங்க.

எலக்ட்ரிக்கல் போறவங்க இன்னொண்ணையும் இப்பவே பாத்துடுங்க, நிறப்பார்வை. ஒயர் கலரைப் பிரிச்சுப் பாக்குறதுதான் இந்த வேலையோட அடிப்படை, நிறைய அப்ரண்டிஸ்ஷிப்ல இதுக்கு டெஸ்ட் வைப்பாங்க. பணம் கட்டினதுக்கு அப்புறம் தெரியறதை விட முன்னாடியே கண் டாக்டர்கிட்ட காட்டிடறது நல்லது.

வெளிநாடு போற எண்ணம் இருந்தா அந்த நாட்டு விதியையும் இதே மாதிரி பாருங்க. ஒரு நாட்டு சர்டிஃபிகேட் இன்னொரு நாட்டுல அப்படியே செல்லும்னு எடுத்துக்காதீங்க, பெரும்பாலும் மறுபடி மதிப்பீடு, மறுபடி தேர்வு இருக்கும். கைவேலை உங்களோட வரும், கோடு புத்தகமும் (வேலையை எப்படிச் செய்யணும்னு சொல்ற விதிப் புத்தகம்) ஒயர் கலரும் அங்க போய் மாத்திக்க வேண்டியதுதான்.

படி 2: "அங்கீகாரம் பெற்றது"ங்கிற வார்த்தையைப் பிரிச்சுப் பாருங்க

போர்டுல பெருசா "அரசு பதிவு பெற்றது"ன்னு எழுதியிருக்கும். எது பதிவு பெற்றது? அந்த நிறுவனம் ஒரு கம்பெனியாவோ அறக்கட்டளையாவோ பதிவாகியிருக்கலாம், அதுக்கும் நீங்க சேரப்போற கோர்ஸுக்கும் சம்பந்தமே இல்ல. ஐஎஸ்ஓ 9001 இருக்குன்னு சொல்லுவாங்க, அது அவங்க நிர்வாகம் ஒரு ஒழுங்குமுறைப்படி நடக்குதுங்கிறதுக்குத்தான், படிப்புக்கான அங்கீகாரம் இல்ல. சில சமயம் ஸ்கூலுக்கு உண்மையிலேயே அங்கீகாரம் இருக்கும், ஆனா அது எலக்ட்ரிஷியன் கோர்ஸுக்கு மட்டும், நீங்க சேர்றது பிளம்பிங்கா இருக்கும். இல்லன்னா காலம் முடிஞ்சு புதுப்பிக்காம இருக்கும்.

அதனால அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்க, அதுல கோர்ஸ் பேரு, தேதி, கொடுத்த அமைப்போட பேரு இந்த மூணையும் குறிச்சுக்கிட்டு அந்த அமைப்பையே நேரடியா கேட்டு சரி பாருங்க. ஸ்கூல் அனுப்புற லிங்க்ல போய்ப் பாக்காதீங்க, நீங்களா தேடிப் போங்க. காட்ட மாட்டேன்னு சொன்னாலோ "நாளைக்கு அனுப்புறோம்"னு இழுத்தாலோ அந்த ஸ்கூலை விட்டுடுங்க, அதுக்கு மேல அங்க யோசிக்க ஒண்ணும் இல்ல.

படி 3: ரெண்டுல எது உங்களுக்கு

பிளம்பிங்னா குழாய் மாட்டுறது, எலக்ட்ரிக்கல்னா சுவிட்ச் மாட்டுறதுன்னு நினைச்சுட்டு வர்றவங்க நிறைய. பிளம்பிங்ல குடிதண்ணி லைன், கழிவு லைன், வென்ட் (கழிவு லைனுக்குக் காத்து போக வர்ற பைப்), பம்ப், வெந்நீர், சில நாட்டுல கேஸ் லைனும் ஹீட்டிங்கும்கூட வரும். எலக்ட்ரிக்கல்ல வீட்டு ஒயரிங் ஒரு பகுதிதான், பேனல், மோட்டார், கண்ட்ரோல் சர்க்யூட், சோலார்னு போய்க்கிட்டே இருக்கும். ரெண்டுமே முட்டிக்கும் முதுகுக்கும் வேலை வைக்கும். பிளம்பிங்ல அழுக்கும் ஈரமும் கனமும் அதிகம், எலக்ட்ரிக்கல்ல ஏணி மேல நின்னுக்கிட்டு தலைக்கு மேல கையைத் தூக்கியே மணிக்கணக்கா வேலை இருக்கும். கணக்கு ரெண்டுலயும் வேணும், எலக்ட்ரிக்கல்ல ஓம் விதி, த்ரீ ஃபேஸ் லோடு கணக்கு, பிளம்பிங்ல சரிவு, அழுத்தம், பைப் அளவு.

படிச்சுத் தெரிஞ்சுக்கறதை விட, தெரிஞ்சவங்க யாராவது இந்த வேலையில இருந்தா கேட்டுக்கிட்டு ரெண்டு மூணு நாள் ஹெல்பரா கூடப் போயிட்டு வாங்க. ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சீங்கன்னா வேற யார் சொல்றதும் தேவைப்படாது.

படி 4: எந்த மாதிரி பயிற்சி

சம்பளத்தோட அப்ரண்டிஸ் இடம் கிடைக்குதுன்னா, அதோட பாடமும் சேர்ந்து வருதுன்னா, நான் அதைத்தான் முதல்ல எடுக்கச் சொல்லுவேன். கைக்கும் வேலை, லைசென்ஸுக்கான மணி நேரமும் ஏறிக்கிட்டே இருக்கும். ஆனா அந்த இடம் எல்லாருக்கும் கிடைக்காது, போட்டி இருக்கும், சில இடத்துல ஸ்கூல்ல கொஞ்சம் படிச்சிருந்தாத்தான் கூப்பிடவே செய்வாங்க. அதுக்காக ஸ்கூல்ல சேர்றது சரியான காரணம்.

வருஷக்கணக்கான கோர்ஸ் பொறுமையா அடிப்படையில இருந்து போகும். சில வாரம், சில மாசம் நடக்கிற கோர்ஸ் ஏற்கனவே வேலையில இருக்கிறவங்க ஒரு குறிப்பிட்ட விஷயத்தை, சோலாரோ பேனல் ஒயரிங்கோ, சேர்த்துக் கத்துக்கறதுக்கு நல்லது, ஒண்ணுமே தெரியாதவங்களை எலக்ட்ரிஷியன் ஆக்குறதுக்கு அது பத்தாது. ஆன்லைன்ல தியரி படிக்கலாம், கோடு புத்தகம் படிக்கலாம், தேர்வுக்குத் தயாராகலாம். முழு கோர்ஸும் ஆன்லைன்னு சொன்னா வேண்டாம்.

படி 5: சிலபஸை வாங்கி உக்காந்து படிங்க

சிலபஸ்ல தலைப்பு மட்டும் இருந்தா பத்தாது, ஒவ்வொரு தலைப்புக்கும் எத்தனை மணி நேரம், அதுல எவ்வளவு பிராக்டிகல்னு இருக்கணும். என் கணிப்புல பாதிக்கு மேல பிராக்டிகல் இல்லாத ஸ்கூல்ல இந்த ரெண்டு தொழிலையும் கத்துக்க முடியாது.

எலக்ட்ரிக்கல்ல முதல்ல தேட வேண்டியது டெஸ்டிங். ஒயர் இழுக்கவும் சுவிட்ச் கட்டவும் எல்லா ஸ்கூலும் சொல்லித் தரும், கட்டி முடிச்சதை எப்படிச் சோதிக்கிறதுங்கிறதை நிறைய ஸ்கூல் ஒரு மதியத்துல முடிச்சுடும். சர்வதேச அளவுல லோ வோல்டேஜ் ஒயரிங்குக்கு ஐஇசி 60364னு ஒரு தரநிலை இருக்கு, அதுல 6-வது பகுதி முழுக்க சோதனையைப் பத்தித்தான். கரண்ட் கொடுக்குறதுக்கு முன்னாடி எர்த் ஒயர் கடைசி வரைக்கும் தொடர்ச்சியா இருக்கான்னு பாக்கணும், சாதாரண 230 வோல்ட் சர்க்யூட்டுக்கு மெக்கர்ல (இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) 500 வோல்ட் டிசி கொடுத்து இன்சுலேஷன் குறைஞ்சது 1 மெகாஓம் இருக்கான்னு பாக்கணும், ஃபேஸ் நியூட்ரல் இடம் மாறலையான்னு பாக்கணும், அதுக்கு அப்புறம் கரண்ட் கொடுத்து 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா சப்ளையை நிறுத்துற சுவிட்ச்) சரியான நேரத்துக்குள்ள விழுதான்னு பாக்கணும். இந்த வரிசை சிலபஸ்ல இருக்கா? மெக்கர் ஸ்கூல்ல இருக்கா, இருந்தா மாணவங்க கையில வருதா, இல்ல அலமாரியில பூட்டி வச்சிருக்காங்களா?

அதே அளவுக்கு முக்கியம் கரண்டை நிறுத்திட்டு வேலை செய்யற முறை. மெயினை ஆஃப் பண்ணி, யாரும் தெரியாம ஆன் பண்ணிடாதபடி பூட்டுப் போட்டு, டேக் மாட்டி, டெஸ்டர் வேலை செய்யுதான்னு ஒரு லைவ் பாயிண்ட்ல பாத்துட்டு, நம்ம வேலை செய்யப்போற இடத்துல கரண்ட் இல்லன்னு பாத்துட்டு, மறுபடியும் லைவ் பாயிண்ட்ல டெஸ்டரைச் சரி பாக்கணும். நடுவுல டெஸ்டர் பழுதாகியிருந்தா அது "கரண்ட் இல்ல"ன்னு பொய் சொல்லும், அதனாலதான் ரெண்டு தடவை. முதல் வாரத்துலயே இதைச் சொல்லிக் கொடுத்து, அதுக்கு அப்புறம் ஒவ்வொரு பிராக்டிகல்லயும் செய்ய வைக்கிற ஸ்கூல்னா நம்பலாம்.

ஒயர் கலரையும் கேளுங்க. பிரிட்டன்ல 2004-ல சிவப்பு கருப்புல இருந்து பிரவுன் நீலத்துக்கு மாறினாங்க, ஆனா பழைய வீட்டுச் சுவத்துக்குள்ள பழைய கலர்தான் இன்னும் ஓடுது. மாற்றம் நடந்த நாட்டுல ஸ்கூல் ரெண்டையும் சொல்லிக் கொடுத்தாகணும். கோடு புத்தகத்தோட எந்தப் பதிப்பை வச்சு நடத்துறாங்கன்னும் பாருங்க. அமெரிக்க எலக்ட்ரிக்கல் கோடு 3 வருஷத்துக்கு ஒரு தடவை புதுசா வரும், அங்க பத்து வருஷத்துப் பழைய புத்தகத்தை வச்சு பாடம் எடுத்தா தேர்வுல அடி வாங்குறது மாணவங்கதான்.

பிளம்பிங் சிலபஸ்ல பைப் ஜாயிண்ட் வகைகள் இருக்கும், சிபிவிசி, பிபிஆர்னு பிளாஸ்டிக் பைப், காப்பர், ஜிஐங்கிற துத்தநாகம் பூசின இரும்பு பைப் எல்லாம். அது வேணும்தான், ஆனா ஜாயிண்ட் போடத் தெரிஞ்சவங்க எல்லாரும் பிளம்பர் இல்ல. வடிகால் பக்கம் எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்காங்கன்னு பாருங்க. சின்ன கழிவு பைப்புக்கு மீட்டருக்கு சுமார் 2 சென்டிமீட்டர் சரிவு ஏன் கொடுக்கிறோம், சரிவு குறைஞ்சா என்ன தேங்கும், ட்ராப்ல (கழிவு பைப்போட வளைஞ்ச பகுதி) தண்ணி ஏன் நிக்கணும், வென்ட் பைப் இல்லன்னா அந்தத் தண்ணி எப்படி உறிஞ்சப்பட்டு நாத்தம் வீட்டுக்குள்ள வரும், இதெல்லாம் பாடத்துல இருக்கணும். குடிதண்ணி பக்கம் பேக்ஃப்ளோ, அதாவது கழிவுத்தண்ணி குடிதண்ணி லைனுக்குள்ள பின்னாடி இழுத்துக்கறது. வெந்நீர் பக்கம் லெஜியோனெல்லா கிருமி, அது 20-ல இருந்து 45 டிகிரி வெதுவெதுப்புல பெருகும், அதனாலதான் தேக்கி வைக்கிற வெந்நீரை 60 டிகிரியில வைக்கச் சொல்றாங்க. அப்புறம் லைன் போட்டு முடிச்சு, சுவத்தை மூடுறதுக்கு முன்னாடி, அழுத்தம் ஏத்தி கேஜ் பாத்து சோதிக்கிறது. இது எதுவும் சிலபஸ்ல இல்லன்னா அங்க கத்துக்கறது பைப் ஒட்டுறது மட்டும்தான்.

படி 6: ஒர்க்ஷாப்புக்குப் போங்க, பிராக்டிகல் நடக்கிற நேரத்துல

இந்த வழிகாட்டியில ஒண்ணை மட்டும்தான் செய்ய நேரம் இருக்குன்னா இதைச் செய்யுங்க. அட்மிஷன் விழா, திறந்த நாள்னு அவங்க கூப்பிடுற நாள்ல போகாதீங்க, அன்னைக்கு எல்லாம் துடைச்சு வச்சிருப்பாங்க. சாதாரண வேலை நாள்ல, பேட்ச் பிராக்டிகல் செஞ்சுக்கிட்டு இருக்கும்போது அரை மணி நேரம் ஓரமா நின்னு பாக்கலாமான்னு கேளுங்க. நல்ல ஸ்கூல் தயங்காம விடும்.

உள்ள போனதும் புது மெஷினைப் பாக்காதீங்க, ஸ்க்ராப் தொட்டியைப் பாருங்க. நிஜமாவே பயிற்சி நடக்கிற பிளம்பிங் ஒர்க்ஷாப்ல அது நிறைஞ்சு கிடக்கும், கையளவு வெட்டின பைப் துண்டு, கோணலா ஒட்டி அறுத்துப் போட்ட எல்போ, மரை பிஞ்ச ஜிஐ துண்டு, கருகிப்போன காப்பர் ஜாயிண்ட். எலக்ட்ரிக்கல் பக்கம் தரையில உரிச்ச இன்சுலேஷன் துணுக்கு, மடக்கும்போது நசுங்கின கண்டியூட் (ஒயர் போற குழாய்), ஒயர் நுனியில அழுத்தி மாட்டுறப்போ க்ரிம்ப் சரியா விழாம வெட்டிப் போட்ட லக். தொட்டி காலியா, தரை பளிச்சுன்னு, டூல் எல்லாம் கவர் பிரிக்காம இருந்தா அங்க மாணவங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க, செய்யல. பொருள் செலவு ஸ்கூலுக்குப் பெரிய செலவு, அதை மிச்சம் பிடிக்கிற ஸ்கூல் உங்க பயிற்சியில இருந்துதான் மிச்சம் பிடிக்குது.

அடுத்து பலகையைப் பாருங்க. ஒயரிங் பிராக்டிஸ் பண்ற மரப்பலகையில ஸ்க்ரூ ஓட்டை மேல ஓட்டையா இருக்கணும், ஏன்னா ஒவ்வொரு பேட்சும் கட்டி, பிரிச்சு, மறுபடி கட்டியிருக்கணும். நிரந்தரமா கட்டி வச்ச டெமோ போர்டு மட்டும் இருந்தா அதுல சுவிட்ச் போட்டுக் காட்டுவாங்க, அவ்வளவுதான்.

தலை எண்ணுங்க. ஒரு வைஸுக்கு (பைப்பை இறுக்கிப் பிடிக்கிற கருவி) எத்தனை பேர், ஒரு டை செட்டுக்கு (பைப்ல மரை போடுற டூல்) எத்தனை பேர், ஒரு மல்டிமீட்டருக்கு எத்தனை பேர், ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர். எட்டு பேர் ஒரு வைஸைச் சுத்தி நின்னா, 4 மணி நேர பிராக்டிகல்ல ஆளுக்கு அரை மணி நேரம்தான் கையில வரும். பேப்பர்ல 600 மணி நேரம்னு போட்டிருந்தாலும் உங்க கைக்கு வர்றது 75. இந்தக் கணக்கை அங்கயே நின்னு போட்டுப் பாருங்க.

அப்புறம், முடிச்ச வேலையை எப்படித் திருத்துறாங்கன்னு கவனிங்க. ஒரு பையன் சாக்கெட் கட்டி முடிச்சுக் கூப்பிடுறான்னு வைங்க. இன்ஸ்ட்ரக்டர் தூரத்துல இருந்தே "ஓகே"ன்னு டிக் போடுறாரா, இல்ல கிட்ட வந்து ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பாக்குறாரா, ஸ்க்ரூவுக்குக் கீழ இன்சுலேஷன் மாட்டியிருக்கான்னு பாக்குறாரா, வெளிய நீட்டிக்கிட்டிருக்கிற ஒரு இழையைக் காட்டி பிரிச்சு மறுபடி கட்டச் சொல்றாரா? பிளம்பிங்ல பிபிஆர் ஜாயிண்ட்டை எடுத்துக்கோங்க, சுமார் 260 டிகிரி சூட்டுல பைப்பையும் ஃபிட்டிங்கையும் உருக்கிச் சேக்குறது. ரெண்டு செகண்ட் அதிகமா வச்சாலோ, அழுத்தும்போது திருகினாலோ, உள்பக்கம் பிளாஸ்டிக் வழிஞ்சு வளையமா நின்னு பாதையை அடைச்சுடும், வெளிய இருந்து பாத்தா ஜாயிண்ட் அழகா இருக்கும். நல்ல இன்ஸ்ட்ரக்டர் மாணவன் போட்ட ஜாயிண்ட்டை நீளவாக்குல அறுத்து உள்ள காட்டுவார். அறுத்த ஜாயிண்ட் ரெண்டு மேஜை மேல கிடந்தாலே அந்த ஒர்க்ஷாப் மேல எனக்கு மரியாதை வந்துடும்.

பாதுகாப்பும் இங்கயே தெரிஞ்சுடும். கண்ணாடி மாட்டியிருக்காங்களா, எமர்ஜென்சி ஸ்டாப் எங்க, பிராக்டிஸ் பண்ற இடத்துக்கு வர்ற சப்ளைக்கு ஆர்சிசிபி இருக்கா, தீயணைப்பான்ல காலாவதி தேதி என்ன. பொண்ணுங்க சேர்றதா இருந்தா அவங்க அளவுக்கு க்ளவுஸ், ஷூ, ஹெல்மெட் இருக்கான்னும், தனி டாய்லெட், உடை மாத்த இடம் இருக்கான்னும் கேளுங்க. இதைக் கேக்கத் தயங்க வேண்டியதே இல்ல.

படி 7: சொல்லித் தர்றவங்ககிட்ட பேசுங்க

இன்ஸ்ட்ரக்டருக்கு லைசென்ஸ் இருக்கா, சைட்ல எத்தனை வருஷம் இருந்தார், கடைசியா எப்போ சைட்ல வேலை பாத்தார்னு மரியாதையா கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அதோட ஒரு சந்தேகம் கேளுங்க. எலக்ட்ரிக்கல்னா "எம்சிபி விழாம ஆர்சிசிபி மட்டும் ஏன் சார் விழுது?" எம்சிபி பாக்குறது அளவுக்கு மீறின கரண்ட்டை, ஆர்சிசிபி பாக்குறது ஃபேஸ்ல போன கரண்ட் நியூட்ரல்ல முழுசா திரும்பி வந்துச்சாங்கிறதை, குறைஞ்சா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். பிளம்பிங்னா "மேல் மாடியில ஃப்ளஷ் பண்ணினா கீழ் மாடி ட்ராப்ல ஏன் சார் குளுகுளுன்னு சத்தம் வருது?" கேளுங்க, அது வென்ட் சரியில்லாததோட அறிகுறி. பதில் சரியாங்கிறதை விட, அவர் எப்படி விளக்குறார்னு கவனிங்க. பேப்பர் எடுத்து வரைஞ்சு காட்டுறாரா, இல்ல "சேர்ந்தா தெரிஞ்சுக்குவீங்க"ன்னு முடிச்சுடறாரா.

படி 8: வேலைக்கு எடுக்கிறவங்களைக் கேளுங்க

"100 சதவீதம் வேலை உத்தரவாதம்"னு போட்டிருந்தா அதைத் துண்டு துண்டா பிரிச்சுக் கேளுங்க. போன பேட்ச்ல எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேர் லைசென்ஸ் தேர்வு எழுதி பாஸ் பண்ணாங்க, எத்தனை பேர் இதே தொழில்ல வேலைக்குப் போனாங்க, ஒரு வருஷம் கழிச்சு இன்னும் அதே தொழில்ல இருக்கிறவங்க எத்தனை பேர். ஹார்டுவேர் கடையில சேல்ஸ் வேலைக்குப் போனவங்களையும் சேர்த்து எண்ணுற ஸ்கூல் இருக்கு.

இதை விட நம்பகமான வழி ஒண்ணு. நீங்க வேலை பாக்கப் போற ஊர்ல இருக்கிற எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர், பிளம்பிங் காண்ட்ராக்டர் நாலு பேருக்குப் போன் போட்டு, "புதுப் பசங்களை எடுக்கும்போது எந்த ஸ்கூல்ல இருந்து வந்தா எடுப்பீங்க, எதுல இருந்து வந்தா யோசிப்பீங்க"ன்னு கேளுங்க. மனசுல இருக்கிறதை அப்படியே சொல்லிடுவாங்க, ஏன்னா சரியா கத்துக்காத ஆளை எடுத்தா நஷ்டப்படுறது அவங்கதான். பழைய மாணவங்களையும் பிடிங்க, ஆனா ஸ்கூல் கைகாட்டுற ரெண்டு பேரை மட்டும் கேட்டுட்டு நிறுத்திடாதீங்க.

படி 9: பணமும் கையெழுத்தும்

மொத்த செலவை எழுத்துல வாங்குங்க. ஃபீஸ் தனி, பொருள் செலவு தனி, தேர்வுக் கட்டணம் தனி, டூல் கிட் தனி, யூனிஃபார்ம் தனின்னு பின்னாடி ஒண்ணொண்ணா வரும். டூல் கிட் அவங்க கொடுத்தா கோர்ஸ் முடிஞ்சதும் அது உங்களுக்கா அவங்களுக்கா? நடுவுல நின்னா எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எத்தனை நாளுக்குள்ள? இன்ஸ்ட்ரக்டர் நின்னுட்டா, பேட்ச் ரத்தானா என்ன? வாய்ல சொன்னது எதுவும் கணக்குல வராது.

உங்க ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுத்து வைக்காதீங்க. சரி பாக்கக் காட்டுங்க, காப்பி கொடுங்க, ஒரிஜினல் வீட்டுக்கு வரணும். "இன்னைக்கே கட்டினா பாதி ஃபீஸ்"னு அவசரப்படுத்தினா, ஒரு வாரம் கழிச்சு வர்றேன்னு சொல்லிட்டு வந்துடுங்க. கடன் வாங்கிக் கட்டுறதா இருந்தா, புதுசா வர்ற ஹெல்பருக்கு என்ன சம்பளம்னு அந்தக் காண்ட்ராக்டர்கள்கிட்டயே கேட்டுட்டு, அதுல தவணை கட்ட முடியுமான்னு பாருங்க. ஸ்கூல் சொல்ற சம்பளம் பெரும்பாலும் அஞ்சாறு வருஷ அனுபவம் இருக்கிறவங்களோடது.

கடைசியில ரெண்டு ஸ்கூல் மிஞ்சி எதுன்னு தெரியலன்னா, லைசென்ஸ் அலுவலகம் ரெண்டையும் ஏத்துக்குதுங்கிற பட்சத்துல, பெரிய பேரு இருக்கிற ஸ்கூலை விட்டுட்டு ஒரு டூலுக்கு ஆள் கம்மியா இருக்கிற ஸ்கூல்ல சேருங்க. தினமும் போக வர 3 மணி நேரம் ஆகுற ஸ்கூலா இருந்தா அதையும் யோசிங்க, உடம்பு வேலை செஞ்சுட்டு அந்த அலைச்சல் தாங்காம பாதியில நின்னவங்க இருக்காங்க.

படி 10: சேர்ந்த முதல் நாள்ல இருந்து

ஒரு நோட்டுப் போடுங்க. தேதி, எத்தனை மணி நேரம், என்ன வேலை, எந்த டூல், யாரு மேற்பார்வை, இவ்வளவும் ஒவ்வொரு நாளும் எழுதி வாரக் கடைசியில இன்ஸ்ட்ரக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க. செஞ்ச வேலையை மூடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வைங்க, டிபி (கரண்டைப் பிரிச்சு விடுற பெட்டி) உள்பக்கம், கண்டியூட் ஓட்டம், வடிகால் லைன், பிரஷர் கேஜ்ல ஏத்தும்போது ஒரு போட்டோ, நேரம் முடிஞ்சு இறக்கும்போது ஒரு போட்டோ. லைசென்ஸுக்கு அனுபவம் கேக்கிற இடத்துல இந்த நோட்டைக் காட்டலாம், முதல் வேலைக்குப் போகும்போது காண்ட்ராக்டர் முன்னாடி இதை வச்சா சர்டிஃபிகேட்டை விட இதைத்தான் புரட்டிப் பாப்பார்.

திரும்பப் பணம் கேக்குற கெடு முடியறதுக்கு முன்னாடி அந்த நோட்டைப் பிரிச்சு கூட்டிப் பாருங்க. உங்க கையால வேலை செஞ்ச மணி நேரம் சிலபஸ்ல போட்டிருக்கிறதுல பாதிகூட வரலன்னா, முதல்ல இன்ஸ்ட்ரக்டர்கிட்ட, அப்புறம் முதல்வர்கிட்ட எழுத்துல கேளுங்க, கூடப் படிக்கிறவங்களையும் சேர்த்துக்கிட்டு கேளுங்க. அப்பவும் மாறலன்னா கெடுவுக்குள்ள எழுதிக் கொடுத்துட்டு வெளிய வந்து, லிஸ்ட்ல ரெண்டாவதா இருந்த ஸ்கூலுக்குப் போன் போடுங்க.